சிவப்புத் தகட்டில் எழுதியிருந்தது

நைனா,

கோயில் பதிவேட்டில் உன் பெயர் ஆரோக்கியநாதன். கம்பெனி அட்டையில் வெறும் நாதன். அந்த இரண்டு பெயரிலும் நான் உன்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு வயதில் மீசையை நீவிக்கொண்டு ஷிஃப்ட்டுக்குப் போகிற ஆம்பளையைத் தெரு நடுவில் நிறுத்தி, சோற்று டப்பாவை விட்டுவிட்டாயே நைனா என்று கத்துவேன். கூட வருகிற ஏழுமலை சிரிப்பான், உனக்குக் கோபம் வரும். இனிமேல் எத்தனை கத்தினாலும் உனக்குக் கோபம் வராது. எனக்கு இப்போது கிடைத்திருக்கிற சௌகரியம் அது ஒன்றுதான்.

பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற தாய் புத்தி சொல்லத்தான் எழுதுவாள். எனக்குச் சொல்ல ஒன்றும் பாக்கியில்லை. சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் எழுதுகிறேன். வருகிற திங்கட்கிழமை காலையில் நான் காஞ்சிபுரம் போக வேண்டும். உன் சாவை விசாரிக்க வந்த பேக்டரி இன்ஸ்பெக்டர் அங்கே ஆபீஸில் இருப்பார். அன்றைக்கு அவர் முன்னால் நான் சொன்னது ஒன்று எழுதி வைத்திருக்கிறார். அது எனக்கு இப்போதும் சம்மதம்தானா, மாற்றிச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். மாற்றுவதா வேண்டாமா என்று தெரிய உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நான் பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போகிறவன் நீ. இப்போது போக முடியாது, உட்கார்.

தை மாதம் அந்த மிஷின் வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டிலிருந்து நம்ம தோல் கம்பெனிக்குத் திரும்புகிற முனையில் லாரி மாட்டிக்கொண்டு, பனைமரத்தை வெட்டி வழி விட்டார்கள். ஈரத் தோலைப் பிழிகிற மிஷின் என்று நீ சொன்னாய். இரண்டு பெரிய உருளை, நடுவில் தோலை விட்டால் தண்ணீரெல்லாம் வடிந்து அந்தப் பக்கம் வரும். முன்னால் கம்பி வலை மூடி. மூடியின் மேல் சிவப்புத் தகடு, அதில் வெள்ளை எழுத்து. மிஷினோடு இத்தாலிக்காரர் ஒருவரும் வந்தார், பூட்டிக் கொடுக்க. வெயிலில் தோலுரிந்த கழுத்து அவருக்கு, பழைய வெங்காயம் மாதிரி. மிஷினை ஓட்ட உன்னையும் ஏழுமலையையும் அவரிடம் விட்டார்கள். இங்கிலீஷ் அவருக்கும் அரைகுறை, உங்களுக்கும் அரைகுறை. கையால்தான் பேச்சு.

ஒரு நாள் மேனேஜர் உங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார் என்று ஓடி வந்தாய். பங்குனியில் இத்தாலியிலிருந்து முதலாளிகள் வருகிறார்கள். மிஷின் பக்கத்தில் நின்று அந்தச் சிவப்புத் தகட்டை அவர்கள் பாஷையில், அவர்கள் சொல்கிற மாதிரியே ஓதிக் காட்டுகிறவனுக்கு ஆறு மாதம் இத்தாலி. அங்கே மிஷின் வேலை முழுதும் கற்றுக்கொண்டு வரலாம். நீ அதைச் சொல்லும்போது உன் காது சிவந்திருந்தது. உன் அப்பா செத்த பிறகு இந்த வீட்டில் ஒருத்தர் காது சந்தோஷத்தில் சிவந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் ஒரு நோட்டு கொண்டுவந்தாய். தகட்டில் இருந்ததை இத்தாலிக்காரர் அதில் பென்சிலால் எழுதி, ஒவ்வொரு வார்த்தையையும் கோடு போட்டு வெட்டியிருந்தார். வெட்டின துண்டுகளில் ஒன்றின் தலையில் மட்டும் சாய்வாக ஒரு கீற்று. அதன் கீழே நீ தமிழில் எழுதி வைத்திருந்தாய், நானும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி. விஷயம் இதுதான் என்றாய். நம்ம பேச்சில் எல்லா எழுத்துக்கும் ஒரே மரியாதை. அவர்கள் பேச்சில் அப்படி இல்லை. ஒவ்வொரு வார்த்தையிலும் ஒரு துண்டுக்கு மட்டும் கனம். அங்கே குரல் ஏறி உட்கார வேண்டும், மற்றதெல்லாம் சும்மா கூட வருகிற கூட்டம். கனம் எங்கே என்று பார்க்க வார்த்தையைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். முக்கால்வாசி கடைசிக்கு முந்தின துண்டில் விழும். சில அடங்காத வார்த்தைகளில் இன்னும் ஒரு படி முன்னால் போய் விழும். கடைசி எழுத்தின் தலையிலேயே கீற்று அச்சடித்திருந்தால் கடைசியில். ஒரே எழுத்து இரண்டாக வந்தால் நடுவில் வெட்டு, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இவ்வளவும் நீ சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு எப்படிப் புரிந்தது என்று நீ வாயைப் பிளந்தாய்.

எனக்கு அது புதிது இல்லை. பூசையெல்லாம் தமிழில் வருவதற்கு முன்னால் நம்ம கோயிலில் லத்தீனில்தான் பாடுவோம். நான் பாவாடை கட்டின வயது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த உபதேசியார் கையில் புளிய மிளார் இருக்கும். பலகை மேல் தட்டிக்கொண்டே வருவார். லேசான இடத்தில் லேசாக, கனமான இடத்தில் ஓங்கி. தோ-மி-னுஸ் என்றால் முதலில் ஓங்கி, பின்னால் இரண்டு தடவை தொட்டுவிடுவார். கனம் தவறினால் மிளார் பலகையை விட்டு நம்ம விரல் முட்டிக்கு வரும். ஒரு வார்த்தைக்காவது அர்த்தம் எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. ஒருத்தி கேட்டாள். உபதேசியார் அவள் வாயிலேயே போட்டார். 'அர்த்தம் சாமிக்குத் தெரியும், ஒனக்கு எதுக்கு? அதுல புத்தி போனா அடி தவறும்' என்றார். உதடு வீங்கின அவள் ஓரமாக உட்கார்ந்தாள். அவள் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். அந்த வருஷம் ஆயர் வந்தபோது என் குரலைக் கேட்டு, இந்தப் பெண் ரோமாபுரியில் பிறந்திருக்க வேண்டும் என்று சொல்லி கழுத்தில் போடுகிற சுரூபம் ஒன்று கொடுத்தார். சூளையில் கல் சுமந்து, உன் அப்பாவுக்குக் கஞ்சி வைத்து, உன்னைப் பெற்று, இத்தனை வருஷத்தில் என்னை ஒருவர் மெச்சினது அந்த ஒரு தடவைதான். அதை உன் தலையில் கட்டப் பார்த்தேன். அர்த்தம் கேட்காதவன்தான் மேலே போவான் என்று நான் உனக்குச் சொன்னது புத்திமதி இல்லை நைனா. எனக்கு விழாத அடியின் மேல் எனக்கு இருந்த பெருமை.

தினமும் நீ வேலை விட்டு வந்து கை கால் கழுவினதும் உட்கார வைத்தேன். மிளாருக்குப் பதில் எனக்குக் கரண்டிக் காம்பு. உன் இடது கையைக் குப்புற வைத்து, முட்டி மேல் தட்டிக்கொண்டே வருவேன். பெ-ரீ-கொ-லொ. மூன்றாவது துண்டில் குரலை ஏற்றுவதே உனக்கு வழக்கம், பெரிக்கோலொ என்பாய், மாட்டுக்காரன் கூப்பிடுகிற மாதிரி. அடிப்பேன். மாக்-கி-நா. அடுத்தது. நோன் அ-ப்ரீ-ரே இல் ரி-பா-ரோ கோன் லா மாக்-கி-நா இன் மோத்-தோ. மூச்சு விடாமல். தவறினால் முதலிலிருந்து. மீசை வைத்த ஆம்பளை, கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஒரு வாரத்தில் முட்டி வீங்கிப்போய், கம்பெனியில் கேட்டார்களாம், மிஷினில் அடிபட்டதா என்று. ஆமாம் என்று சொன்னதாகச் சொன்னாய். அப்பாவின் மரமண்டை உனக்கு, அவரும் இப்படித்தான் ஜபமாலையைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் போய்ச் சேர்ந்தார் என்றேன். அவரைச் சொன்னால் உனக்குத் தாங்காது என்று தெரிந்துதான் சொன்னேன். மறுநாள் நீ ஒரு தப்பும் விடவில்லை. பார், சொன்னால் வருகிறதே என்று அதற்கும் நானே பெயர் எடுத்துக்கொண்டேன்.

ஏழுமலையும் சில நாள் வந்து உட்காருவான். அவன் அப்பா ஏர் பிடித்த கை, அவனுக்கு நாக்கும் ஏர் மாதிரிதான், எல்லா எழுத்தையும் ஒரே ஆழத்தில் உழுதுகொண்டு போவான். ஆனால் அவன் அர்த்தம் கேட்கிறவன். இத்தாலிக்காரரின் கையைப் பிடித்து இழுத்துத் தகட்டைக் காட்டிக் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துவிட்டான். அன்றைக்கு நீங்கள் இருவரும் வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள், நான் உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தேன். நினைவிருக்கிறதா உனக்கு? எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை.

'ம்மா, இதுக்கு அர்த்தம் இவனுக்குத் தெரியுமாம்மா' என்றாய் நீ.

'தெரிஞ்சா வச்சிக்கட்டும்.'

'கேட்டுக்கறேனே. இன்னா இப்போ?'

'ஒன்னியும் கேக்க வேணாம். அர்த்தத்துல புத்தி போச்சின்னா வாய் நின்னுபூடும். தோ, இவன் நிக்கறானே, பாக்கல? ஏய் ஏழுமல, நீ அர்த்தம் தெரிஞ்சிகினு ஊமையா நில்லு. எம்புள்ள தெரியாமயே பிளேன் ஏறட்டும்.'

ஏழுமலை சொல்ல வாயைத் திறந்தான். கரண்டியை அவன் பக்கம் நீட்டினேன், மூடிக்கொண்டான். நீ சிரித்தாய். அவன் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்புறம் அந்தப் பாடத்துக்கு அவன் வரவே இல்லை. அது மிஷின் பெயரும் கம்பெனியின் பெருமையும் எழுதின தகடு என்றுதான் நான் நினைத்திருந்தேன், கடைக்கு மேல் போர்டு எழுதுகிற மாதிரி. ஓதிக் காட்டச் சொல்கிறார்கள் என்றால் வேறு என்ன இருக்கும்?

பங்குனியில் அவர்கள் வந்தார்கள். நீ சாயங்காலம் வந்து, கை தட்டினார்கள் என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். நான்தான் அதைப் பத்தாக்கினேன். அவர்கள் எடுத்த போட்டோ நாலு நாளில் வந்தது. சந்தன மாலை போட்டுக்கொண்டு, சிவப்புத் தகட்டின் பக்கத்தில் நீ. வாய் திறந்திருந்தது. அதைக் கோயில் தெரு முழுக்கக் காட்டினேன். எம்புள்ளைக்கு இத்தாலி பாஷை தெரியும், அவர்களே அசந்துபோனார்கள் என்று கண்ணில் பட்டவளிடமெல்லாம் சொன்னேன். காஞ்சிபுரத்தில் பனியன் கடை பார்த்து உனக்குக் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிவந்து, சித்திரை வெயிலில் போட்டுப் பார் என்றேன். போட்டுக்கொண்டு நின்றாய். வேர்வை மூக்கில் வந்து சொட்டியது. கை நீளம் சரியா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எப்போது பிளேன் என்று கேட்டேன். சொல்லுவாங்கம்மா என்றாய்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உன்னைப் புதைத்த பிறகு ஏழுமலை சொன்னான். நீ ஓதினாய், ஒரு அடி தவறவில்லை. வந்தவர்களில் வயதான அம்மா ஒருத்தி அசந்துபோய்க் கிட்டே வந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பாஷையில் உன்னை ஏதோ கேட்டாள். நீ சிரித்துக்கொண்டு நின்றாய். மறுபடி கேட்டாள், மெதுவாக. எல்லாரும் உன் வாயைப் பார்த்தார்கள். நீ விறைப்பாக நிமிர்ந்து, தகட்டை முதலிலிருந்து மறுபடி ஓதினாய். அந்த அம்மா உன் கையை விட்டாள். யாரோ ஒருத்தர் சிரித்தார், அப்புறம் எல்லாரும். மேனேஜர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாராம், விருந்தாளிகள் சிரிக்கிறார்களே என்று. மறுநாளிலிருந்து சூப்பர்வைசர் உனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தான். லைன் பக்கம் வரும்போதெல்லாம் உன் காதைத் திருகி, 'ரேடியோ, ஸ்டேஷன் புடி' என்பானாம். நீ ஓதினால்தான் விடுவான். இத்தாலிக்கு அவன் அக்கா மகன் போனான். மிஷினைப் பார்த்திராதவன்.

இதையெல்லாம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்கும் தெரியும். இன்னும் நல்லா ஓதியிருந்தா ஏன் சிரிக்கப் போறாங்க என்றிருப்பேன். வைகாசி முழுக்க நீ வாயைத் திறக்கவில்லை. பழகுவதை விட்டால் நாக்கு துருப்பிடித்துவிடும், பிளேன் வருகிற நேரத்தில் முழிப்பாய் என்று திரும்பவும் கரண்டியை எடுத்தேன். கையை நீட்டினாய். சொன்னாய். எல்லாத் துண்டையும் ஒரே கனத்தில், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், ஏழுமலை மாதிரி. அடித்தேன். மறுபடியும் அப்படியே. கை ஓய்கிறவரை அடித்தேன். நீ கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. பெரியவர்கள் அடித்தால் கையை இழுக்காதே என்றும் நான்தான் உனக்குச் சொல்லியிருந்தேன். அதையும் திருப்பிக் கொடு.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் ஷிஃப்ட். உருளை வாயில் தோல் மடிந்துபோய் நின்றது. மிஷினை நிறுத்தித்தான் மூடியைத் திறந்து எடுக்க வேண்டும். நிறுத்தினால் திரும்ப ஓட்ட அரை மணி நேரம் ஆகும் என்று சூப்பர்வைசர் நிறுத்த விடவில்லை. ஓட்டு, ஓட்டு என்று அங்கிருந்தே கத்தினானாம். நீ ஓடுகிற மிஷினின் வலை மூடியைத் தூக்கிவிட்டு, மடிந்த தோலைத் தட்டிவிடக் கையை உள்ளே விட்டாய். தோலோடு சேர்த்து உன்னையும் தோள் வரைக்கும் இழுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் நின்ற ஏழுமலை சுற்றி ஓடிவந்து நிறுத்துவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. வேனில் போட்டுச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில்வே கேட் போட்டிருந்தது. அங்கேயே முடிந்துபோனாய். கேட் திறந்த பிறகும் வேன் போகவில்லை என்று பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரன் அடித்தானாம்.

உன் ஏழாம் நாள் பூசை முடிந்த மறுநாள் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். மேனேஜர் ரூமில் எனக்கு நாற்காலி போட்டார்கள். இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், கண்ணாடி போட்டவர். பின்னால் சுவரோரம் சூப்பர்வைசர். நான் உட்கார்ந்ததும் இன்ஸ்பெக்டர் மேனேஜரைக் கேட்டார், தகடு இத்தாலி பாஷையில் மட்டும் இருக்கிறதே, தமிழில் ஏன் போடவில்லை என்று. நான் அதைக் காதில் வாங்கினேன், மண்டைக்குள் போகவில்லை. மேனேஜர் மேஜையைத் திறந்து அந்த போட்டோவை எடுத்து வைத்தார். அந்தப் பையனுக்கு அந்த பாஷை தெரியும் சார், விருந்தாளிகள் முன்னால் அவன்தான் தகட்டைப் படித்துக் காட்டினான் என்றார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

'உங்க பையனுக்கு இத்தாலி பாஷை தெரியுமாம்மா?'

பின்னால் சூப்பர்வைசர் மூக்கால் சிரித்தான். சின்னச் சத்தம்தான். இன்ஸ்பெக்டர் காதில்கூட விழுந்திருக்காது, என் காதில் விழுந்தது. அது எதற்கான சிரிப்பு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, ரேடியோ கதை எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. கூலிக்காரியின் மகனுக்குப் பாஷையா என்று சிரிக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

'தெரியும் சார்' என்றேன். 'நல்லாவே தெரியும். நான்தான் சொல்லிக்குடுத்தேன்.'

'நீங்களா?'

அவர் என் புடவையைப் பார்த்தார். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு ஓதினேன். உன்னைப் புதைத்து எட்டு நாள் ஆகவில்லை. பெரீகொலொ என்று ஆரம்பித்து மோத்தோ என்று முடிக்கிற வரையில் ஒரு இடத்திலும் தவறவில்லை. விரலால் அவர் மேஜையிலேயே தட்டிக்கொண்டு வந்தேன், லேசான இடத்தில் லேசாக, கனமான இடத்தில் கனமாக. ரூமில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பாருங்க சார், அந்தம்மாவுக்கே தெரியுது என்றார் மேனேஜர், ரொம்ப மெதுவாக. இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுதினார். படித்தும் காட்டினார். என் மகனுக்கு இத்தாலிய மொழி நன்றாகத் தெரியும், தகட்டில் உள்ளதை அறிந்தவன் என்று. கைநாட்டு வைக்கச் சொல்லி மை டப்பாவை நகர்த்தினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிலும் ஒரு பெருமை எனக்கு.

கேட் தாண்டி வெளியே வந்தபோது ஏழுமலை நின்றிருந்தான். உள்ளே என்ன கேட்டார்கள் என்றான். சொன்னேன். ஓதியும் காட்டினாயா என்றான். ஓதினேன் என்றேன்.

'அது இன்னான்னு இன்னும் ஒனக்குத் தெரியாதாம்மா?'

'இன்னாடா அது?'

'ஆபத்து. மிஷினு ஓடிகினு இருக்கச்சொல்லோ மூடியத் தொறக்காதே. அவ்ளோதாம்மா அது.'

எந்த வார்த்தை எது என்று அவனையே கேட்டு, அந்த வெயிலில் நின்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அப்ரீரே என்றால் திறக்கிறது. கனம் சரியான இடத்தில்தான் விழுந்தது. ரிபாரோ என்றால் மூடி. மோத்தோ என்றால் ஓட்டம். அப்புறம் நோன். அந்த வரியிலேயே எடையில்லாத துண்டு அது. அங்கே நிற்காதே, தொட்டும் தொடாமலும் தாண்டிப் போ என்று உனக்கு எத்தனை நாள் சொல்லியிருப்பேன். அதில் ஒரு நாள் நீ குரலை ஏற்றினதற்கு அடித்தும் இருக்கிறேன். கூடாது என்பது அதுதானாம்.

இதெல்லாம் நடந்து ஐந்து மாதம். கம்பெனி கொடுத்த பணத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். தகட்டுக்குப் பக்கத்தில் இப்போது தமிழில் ஒன்று மாட்டியிருக்கிறார்களாம், அந்த மிஷினில் ஏழுமலை நிற்கிறான். கோயில் தெருவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். இத்தாலி பாஷை தெரிந்த பையன், தெரிந்தே கையை விட்டான் என்றுதான் ஊரில் பேச்சு. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பேச்சுதானே.

இன்ஸ்பெக்டர் அனுப்பின ஆள் நல்லவன். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். பையனுக்கு அர்த்தம் தெரியாது என்று நீங்கள் சொன்னால், தெரியாத பாஷையில் தகட்டை மாட்டிவிட்டு ஓட்டச் சொன்னவர்கள் மேல் கேஸ் நிற்கும். தெரியும் என்பது அப்படியே இருந்தால் தப்பு பையன் மேல், பேப்பர் மூடிவிடும் என்றான். எனக்கு அந்த நிமிஷமே பதில் வந்துவிட்டது. திங்கட்கிழமை போய், என் மகனுக்கு ஒரு எழுத்து தெரியாது சார், அவன் கிளி, பழக்கினவள் நான், அர்த்தம் சொல்ல வந்தவன் வாயை மூடினவளும் நான் என்று சொல்லிவிடுவது. மாலை போட்ட போட்டோவைப் பார்த்து ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். உன்னைப் பார்த்து ஏற்கெனவே சிரித்துவிட்டார்கள், புதிதாக ஒன்றும் போகாது என்று நினைத்தேன்.

அப்புறம் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை கூட வந்து நீயும் சொல்லு, அவனுக்குத் தெரியாது என்று சொல்லு என்று கேட்கத்தான் போனேன். மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தான். நான் கேட்டு முடித்த பிறகும் வைக்கோலைப் பிரித்துக்கொண்டே இருந்தான். அவன் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

'அவனுக்குத் தெரியும்மா' என்றான். 'நான் சொல்லிட்டேன். அவங்க சிரிச்சாங்களே, அன்னிக்கி சாயந்தரம், சைக்கிள்ல வரச்சொல்லோ. ஒவ்வொண்ணா சொன்னேன்.'

'ஏண்டா அன்னிக்கி கேட்ல சொல்லல?'

'நீ கேக்கல.'

நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவன் மாட்டைப் பார்த்தான். அவனுக்கு வேலை வேண்டும், சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்திருக்கலாம். இல்லை, சொல்லாமல் விட்டோமே என்று அவன் மனசு அரித்து, சொன்னதாக அவனே நம்ப ஆரம்பித்திருக்கலாம். அன்றைக்குக் கரண்டியை நீட்டினேனே, அதற்கு வஞ்சம் வைத்து இப்போது தீர்க்கலாம். என் மேல் பரிதாபப்பட்டு, உன்னால் அவன் சாகவில்லை என்று சொல்ல வந்திருக்கலாம். நிஜமாகவும் இருக்கலாம். அவன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

நிஜமென்றால் என்னவெல்லாம் ஆகிறது பார். வைகாசியில் என் முன்னால் கையை நீட்டி ஒரே கனத்தில் சொன்னாயே, அப்போது அது என்ன என்று உனக்குத் தெரியும். மூடியைத் திறக்காதே என்று என்னிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாய், நான் கனம் சரியில்லை என்று அடித்துக்கொண்டிருந்தேன். ஆடியில் அவன் ஓட்டு என்று கத்தினபோதும் தெரியும். தெரிந்தும் திறந்தாய். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று நான் வளர்த்த வளர்ப்பிலா? ரேடியோ என்று இன்னொரு தடவை கூப்பிடக் கூடாது என்ற ரோஷத்திலா? இல்லை, போதும் என்றா? அப்படியென்றால் திங்கட்கிழமை நான் சொல்லப் போகிற கிளிக் கதை பொய். பொய் சொல்ல எனக்குப் பயமில்லை, அந்த மேனேஜரைக் கூண்டில் ஏற்ற நான் பைபிள் மேல் கை வைத்தும் சொல்வேன். ஆனால் அர்த்தம் தெரிந்து செத்த பிள்ளையை ஒன்றும் தெரியாத பிள்ளை என்று இந்தத் தடவை நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தெரியாமல் செத்தாய் என்றால் உன்னைக் கொன்றது நான். தெரிந்து செத்தாய் என்றால் என்னிடம் சொல்லாமல் போனாய். இரண்டில் எது எனக்கு வேண்டும் என்று கேட்டால், முதலாவது வேண்டும். அதையாவது நான் தூக்கிக்கொண்டு திரிவேன்.

உன்னிடம் இத்தனை வருஷம் நான் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, ஏன் லேட், எப்போது பிளேன். இன்றைக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன், நைனா. அன்றைக்குச் சாயந்தரம் சைக்கிளில் வரும்போது ஏழுமலை உன்னிடம் சொன்னானா?